அக்காவின் மாத்திரையும் புதுத் தண்ணீரும்

என் அக்காவுக்கு வலிப்பு வந்தது அவள் ஆறாவது படிக்கும்போது. எனக்கு அவள் மேல் பொறாமை வந்தது அதற்கு மறுநாள்.

மறுநாள்தான் அப்பா அவளைத் தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் ஒன்றும் தூர தேசம் இல்லை. ஆனாலும் நான் அதுவரை போனதில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து போய், பெரிய டாக்டரைப் பார்த்து, ஓட்டலில் பூரி சாப்பிட்டு, தலையில் புதிதாகக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு இறங்கினாள். அப்பா கையில் ஒரு காகித உறை இருந்தது. அதற்குள் இரண்டு விதமான மாத்திரைகள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அம்மா அவற்றைப் பவுடர் டப்பா ஒன்றில் போட்டு, சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து நாங்கள் சாமி கும்பிட்டபோதெல்லாம் அந்த டப்பாவையும் சேர்த்துத்தான் கும்பிட்டோம்.

மாத்திரையோடு டாக்டர் ஒரு பட்டியலும் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு அது மனப்பாடம். ஆற்றிலோ வாய்க்காலிலோ இறங்கக் கூடாது. சைக்கிள் ஓட்டக் கூடாது. மரம் ஏறக் கூடாது. அடுப்புப் பக்கம் தனியாக உட்காரக் கூடாது. கண் விழிக்கக் கூடாது. உடம்பில் தடிப்போ அரிப்போ வந்தால் உடனே கூட்டி வர வேண்டும். வேறு எந்த மருந்தும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வேளை மாத்திரைகூடத் தப்பக் கூடாது.

இத்தனை "கூடாது"களும் அக்காவுக்குச் சொன்னவை. ஆனால் அவற்றைச் சுமந்தவள் நான். அக்கா அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்றால் உலை வைப்பது யார்? வாய்க்காலில் இறங்கக் கூடாது என்றால் பாத்திரம் கழுவுவது யார்? எங்கள் வீட்டில் ஒரே ஒரு கறவை மாடு. பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய்விடும். அக்காவுக்கு மாத்திரை வந்த பிறகு ஒரு தம்ளர் பால் வீட்டில் நின்றது. காலையில் அரை, ராத்திரி அரை. மாத்திரை கசக்கும் என்று ஒரு துண்டு அச்சுவெல்லம் வேறு. உலை வைத்தவளுக்குக் கஞ்சித் தண்ணீர்தான்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதை. மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்று அப்பா கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா வகுப்பில் டெஸ்க் மேல் தலை வைத்துத் தூங்கினாள், வாத்தியார் குரலைத் தாழ்த்திப் பாடம் நடத்தினார். நான் ஒரு நாள் என் வகுப்பில் அதேபோல் தலை வைத்துப் பார்த்தேன். புறங்கையில் ஸ்கேல் விழுந்தது. அடுத்த வருஷம் அக்கா ஒரு புதுப் பழக்கம் பிடித்தாள். சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருந்த தையல் டீச்சர் அப்படித்தான் சிரிப்பார். பெரிய மனுஷி ஆகிவிட்டாளாம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் பார்க்காதபோது நானும் கண்ணாடி முன்னால் நின்று அப்படிச் சிரித்துப் பழகினேன்.

அந்த மாத்திரைகளில் ஒன்று ஈறுகளை வீங்க வைக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. போன வருஷம் மெடிக்கலில் என் வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கும்போது, பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளிடம் கடைப் பையன் சொல்லிக்கொண்டிருந்தான்: "வலிப்பு மாத்திரைம்மா, ஈறு வீங்கினா டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க." நான் அவருடைய மாத்திரையை வாங்க மறந்துபோய் வீடு வந்து சேர்ந்தேன்.

நான் சொல்ல வந்தது அக்கா எட்டாவதும் நான் ஐந்தாவதும் படித்த வருஷத்தின் ஆனி மாதம். அணை திறந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொல்லி ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நாளைக் காலையில் நம் வாய்க்கால் மதகைத் தூக்குவார்கள் என்று சித்தப்பா வந்து சொன்னார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தீபாவளிக்கு மேல். காய்ந்து வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் புதுத் தண்ணீரின் நுனி சருகையும் வைக்கோலையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். அதற்கு முன்னால் நாங்கள் வாய்க்காலுக்குள்ளேயே ஓடுவோம். தண்ணீர் குதிகாலைத் தொட்டுவிட்டால் தோற்றுவிட்டோம், கரையேறிவிட வேண்டும். மதகிலிருந்து சின்னப்பாலம் வரை தொடாமல் ஓடியவர்களுக்கு அந்த வருஷம் முழுக்கப் பெருமை. வலிப்பு வருவதற்கு முன்னால் மூன்று வருஷம் அந்தப் பெருமை அக்காவுடையது. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அவள் கரையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானையைப் பிடிக்கவும் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நான் ஓடியபடியே நினைத்தேன்.

அன்று ராத்திரி அம்மா மாட்டுக்கொட்டகையில் இருந்தாள். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை அந்த வருஷம் எனக்கு வந்திருந்தது. நான் டப்பாவைத் திறந்து இரண்டையும் நீட்டினேன். அக்கா கை நீட்டவில்லை.

"ஒன்னு கேக்கவா? இது வர்றதுக்கு முன்னாடி நான் வாய்க்கால்ல எறங்குவேன்ல?"

"ஆமா."

"சைக்கிள் ஓட்டுவேன்ல? இது வந்த அன்னிக்குத்தானே எல்லாத்தையும் கூடாதுன்னாங்க. அப்ப இது போட்டாத்தான் கூடாது. போடலன்னா எறங்கலாம்."

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. வெங்காயம் பூண்டு சாப்பிட்ட அன்றைக்குக் கோயிலுக்குப் போகக் கூடாது என்பாள் அம்மா. சாப்பிடாத அன்றைக்குப் போகலாம். இதுவும் அப்படி ஒரு பத்தியம்தான் என்று எடுத்துக்கொண்டேன். விலக்கு எல்லாம் மாத்திரைக்கு, நோய்க்கு அல்ல.

"அப்ப இத என்னா பண்றது? அம்மா எண்ணிப் பாக்கும்."

"நீ போட்டுக்க. பாலு, வெல்லம் எல்லாம் நீயே எடுத்துக்க."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷமாக நான் பார்த்துக்கொண்டே இருந்த பால் அது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் விழுங்கினேன். காலையிலும் இரண்டு. இனி எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அம்மா மஞ்சளும் பூவும் நெல்லும் எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனாள். போகும்போது என்னிடம் சொன்னாள்: "கரையில நின்னு பாருங்க. அக்காவ எறங்க விட்டுடாதடி." அப்போதே எனக்கு வாசற்படி இரண்டாகத் தெரிந்தது. எதில் கால் வைப்பது என்று யோசித்துத்தான் இறங்கினேன்.

நாங்கள் அம்மா கண்ணில் படாமல் மூங்கில் கொல்லைக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். மற்ற பிள்ளைகள் அங்கே வருவதற்குள் பாதிப் பேர் தோற்றுக் கரையேறியிருந்தார்கள். தண்ணீர் வந்தது. அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே குதித்தாள். நானும் குதித்திருக்கலாம். ஆனால் என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. கரையில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் உட்கார்ந்தே இருந்தேன். நாக்கு தடித்துக் கிடந்தது. மாத்திரை போட்டால் சுகமாக இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

அக்கா ஓடினாள். பின்பக்கமாகத் திரும்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஓடினாள், அதற்குப் பழிப்புக் காட்டினாள். வாயைப் பொத்தாமல் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. மாத்திரையை நான் விழுங்கியாயிற்று, ஆனாலும் எல்லாம் அவளுக்கே. ஒருவர்கூட என்னைப் பார்த்து "ஐயோ, பிள்ளைக்கு என்னா பண்ணுது" என்று கேட்கவில்லை.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், நான் உட்கார்ந்திருந்த கரையிலிருந்து சில அடி தள்ளி, யாரோ மண் வெட்டி எடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. அக்கா அதற்குள் நின்றாள். நின்றவள் தலையை ஒரு பக்கமாகத் திருப்பினாள், கூப்பிட்டவரைப் பார்ப்பதுபோல. பிறகு விழுந்தாள். பாலத்தைப் பார்த்து ஓடிய பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் பள்ளத்தில் இறங்கி நிரம்பத் தொடங்கியது. முழங்கால் அளவுகூட இல்லை. ஆனால் அவள் முகம் கீழே இருந்தது.

நான் உடனே கத்தவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எல்லாரும் மறுபடி அவளிடம்தான் ஓடுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து, போகும் வரை நான் காத்திருந்தேன். அது எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்புறம் கரையிலிருந்து சறுக்கி, விழுந்து, தவழ்ந்து போய் அவள் பின்னலைப் பிடித்து முகத்தை மேலே இழுத்தேன். சத்தம் எனக்குள்ளிருந்துதான் வந்தது என்பது சித்தப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோதுதான் தெரிந்தது.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். யாரோ வாயில் தண்ணீர் விடப் பார்த்தார்கள். அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை.

"சாவிய எடுங்க. வாயில ஒன்னும் விடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, கொஞ்சம் காத்து வரட்டும்."

அக்காவின் உடம்பு அடங்கி, அவள் இருமித் தண்ணீரைக் கக்கின பிறகுதான் அம்மா என் பக்கம் திரும்பினாள். "காலையில மாத்திரை குடுத்தியாடி?"

"குடுத்தேன்."

"அண்ணி, இவளப் பாருங்க," என்றார் சித்தப்பா. "இவளுக்கும் கண்ணு சொருவுதே."

அம்மா அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள். இரண்டாவதும் போயிற்றா என்று நினைத்திருப்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. நான்தான் போட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்படியாக நான் முதன்முதலாகத் தஞ்சாவூர் போனேன். பஸ்ஸில்கூட அல்ல, வாடகைக் காரில். வழியில் எதையும் பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன்.

டாக்டர் என் மூக்கை நானே தொடச் சொன்னார். விரல் கன்னத்துக்குப் போனது. எத்தனை போட்டாய், எப்போது போட்டாய் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஏன் போட்டாய் என்று கேட்டபோது பக்கத்துக் கட்டிலிலிருந்து அக்காதான் பதில் சொன்னாள், அந்தப் பத்தியக் கணக்கை அப்படியே. டாக்டர் சிரிக்கவில்லை.

"கொடை புடிச்சதாலதான் மழை பெய்யுதுங்கிற மாதிரில்ல இருக்கு," என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, தப்பு என் பேரிலும் இருக்கு, எதுக்காகக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட நான் சொல்லலை என்றார். ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரும், வேறொருவர் போட்டால் அது விஷம் மாதிரி என்று எங்கள் இருவருக்கும் நிதானமாகச் சொன்னார்.

அன்று எங்களை அங்கேயே தங்க வைத்தார்கள். அம்மா இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைக் கொடுத்திருந்தாள். அக்காவைப் பிடித்திருந்தது வலது கை. நான் அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அம்மா பால் வாங்கிவர வெளியே போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். கன்னத்தில் மண் சிராய்த்த காயம்.

"நீ பாத்தல்ல? தண்ணி எதுவரைக்கும் போச்சு?"

தண்ணீர் அவளைச் சுற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனதை நான் பார்த்திருந்தேன். அன்று பொழுது சாய்வதற்குள் அது கடைமடை வயலுக்கே போய்விட்டது என்று அப்பா பிறகு சொன்னார். ஆனால் அந்த வலது கை என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. தன்னால்தான் ஊருக்குத் தண்ணீர் வராமல் போயிற்று என்று அவளை வருத்தப்பட வைக்க வேண்டும் போலிருந்தது.

"எங்க போச்சு," என்றேன். "நீ விழுந்த எடத்தோட நின்னுடுச்சு. அதுக்கு மேல ஒரு அடி போவல."

அக்கா மல்லாந்து படுத்தாள். பிறகு கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னை அது தொடவேயில்ல," என்றாள். "கடைசி வரைக்கும் நான்தான் முன்னாடி ஓடியிருக்கேன்."

அவள் எதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. என் பொய்யிலும் பங்கு அவளுக்கே போய்விட்டது என்ற ஆத்திரத்தில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.