அப்புறம் அந்தப் பொண்ணு என்னாச்சு?

மீட்டர் ரீடர் வெங்கடாசலத்தோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியதில் ராமக்காள் ஒன்றை நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தாள். அவர் ஒருத்தரைத் தவிர உலகத்தில் எவனுக்கும் சினிமா தெரியாது.

தருமபுரி கரண்ட் ஆபீஸில் வேலை. வீடு வீடாகப் போய் அட்டையில் யூனிட் எழுதும்போதே, கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஓடுகிற படங்களுக்கெல்லாம் தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். நூறு நாள் ஓடியது குப்பை. இருநூறு நாள் ஓடியது பெருங்குப்பை. "அழுதுட்டே வெளிய வந்தோமுங்க, அவ்ளோ நல்லா இருந்துச்சு" என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போச்சு. "வெங்காயம் உரிச்சாலும்தான் அழுவீங்க. அதுக்கு டிக்கெட் வேறயா?" என்பார். கரண்ட் ஆபீஸ்காரரை எதற்குப் பகைத்துக்கொள்வது என்று ஜனங்கள் சிரித்து வைப்பார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவார் மனுஷன்.

அவருக்குப் பிடித்த படம் ஒன்றே ஒன்றுதான். மற்ற படங்களுக்குப் பெயர் உண்டு. அதை மட்டும் வெறுமனே 'படம்' என்பார். 1977இல், கல்யாணமான புதுசில், ராமக்காளின் பிறந்த ஊரான ஏரியூரில் டூரிங் கொட்டகையில் இருவரும் பார்த்தது. பெண்டாட்டி பேச்சை ஒருநாளும் காதில் வாங்காத ஒரு பரிசல்காரன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விடுகிறாள். ஊர் ஊராகத் தேடியலைந்துவிட்டு, ஆற்றங்கரையில் அவன் தனியாக வந்து நிற்கிறான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அத்தோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள். 'சுபம்' கூடப் போடவில்லை. வெங்கடாசலத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து வெளியே வந்த ராமக்காள் மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, அப்புறம் அந்தப் பொண்ணு என்னாச்சு?"

கேட்டதுதான் குற்றம். வழியெல்லாம் சிரித்தார். மாமியார் வீட்டில் சொல்லிச் சிரித்தார். தருமபுரி வந்து ஆபீஸில் சொன்னார், மீட்டர் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் சொன்னார். "டைரக்டர் ஆத்தையே பேச விட்டுருக்கான். எங்கூட்டம்மா என்னா கேக்குது தெரியுமா?" என்று ஆரம்பித்து, அவள் குரலிலேயே பேசிக் காட்டுவார். ரேஷன் கடை வரிசையில் முன்பின் தெரியாத பெண்கள்கூட அவளைப் பார்த்து, "அந்தப் பொண்ணு என்னாச்சுங்க?" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராமக்காளுக்கு நெஞ்சு எரியும். சர்க்கரையை வாங்கிக்கொண்டு வருவாள்.

அன்றைக்குப் பிறகு அவளை அவர் சினிமாவுக்கே கூட்டிப் போகவில்லை. "உனக்கெதுக்கு சினிமா? வளையல் கடையில நின்னு வேடிக்கை பாத்துட்டு வா, போதும்" என்றுவிட்டார்.

பத்திரிகைகள் அந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. 'கடைசிக் காட்சி காலத்துக்கும் நிற்கும்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்தத் துண்டை வெட்டி பர்ஸில் வைத்துக்கொண்டார். லைன்மேன் மாதப்பன் ஒருமுறை, "கடைசில அந்தப் பொண்ணு திரும்ப வர்ற மாதிரி ஞாபகமுங்களே" என்று இழுத்தார். "நீ தூங்கிட்டு வேற படத்தோட சேத்துக் கொழப்பிக்கிட்டே" என்று அவர் வாயையும் அடைத்தாயிற்று.

எண்பத்தெட்டில் அந்தப் படம் தருமபுரிக்கு மறுபடியும் வந்தது. வெங்கடாசலத்தைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு ஆபீஸ் ஆட்களைக் குடும்பத்தோடு திரட்டினார். "கடைசி சீன்ல எவனும் அசையக்கூடாது" என்று உத்தரவு வேறு. ராமக்காளையும் கிளம்பச் சொன்னார். "இப்பவாச்சும் மண்டையில ஏறுதான்னு பாக்கலாம்" என்றார், மாதப்பனின் மனைவி காதில் விழும்படி. ஏறாமல் போனால் மறுபடியும் சொல்லிச் சிரிக்க ஒன்று கிடைத்தது என்ற சந்தோஷம் அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. ராமக்காள் புதுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும், அந்தப் பொண்ணைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆயிற்றே என்றிருந்தது அவளுக்கு.

பரிசல்காரன் ஆற்றங்கரைக்கு வந்து நின்றான். தண்ணீர் ஓடியது. வெங்கடாசலம் நாற்காலியை விட்டு எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி திரும்பி நின்று கை தட்டினார்.

"யோவ், உக்காருய்யா! மறைக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

திரையில் அவள் வந்துகொண்டிருந்தாள். குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது. பரிசல்காரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் இன்னொருத்தன் பரிசலில் ஏறி உட்கார்ந்தாள். அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல், குழந்தைக்குத் தண்ணீரில் எதையோ காட்டிச் சிரித்தாள். பரிசல் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் படம் முடிந்தது.

ராமக்காளின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவே இல்லை.

வெளியே டீக்கடையில், ஆபரேட்டர் நூர் பாஷா டீ குடித்துக்கொண்டிருந்தார். பழைய ஏரியூர் கொட்டகையிலும் அவர்தான் படம் ஓட்டியவர். மாதப்பன் விடாமல் போய், ஏரியூரில் இந்த முடிவு ஏன் வரவில்லை என்று விசாரித்தார்.

"அதுவா! பென்னாகரம் கடைசி பஸ் ஒம்பதேகாலுக்குங்க" என்றார் நூர் பாஷா. "இருட்டுனாத்தானே கொட்டாயில படம் போட முடியும்? நீளமான படம்னா கடைசி ரீலைப் பொட்டியை விட்டே எடுக்கமாட்டோம். ஜனமும் பஸ்ஸுக்கு ஓடிரும். யாரும் கேக்கறதில்லைங்க."

"ஒருத்தர் கேட்டிருக்காங்க பாய்" என்றார் மாதப்பன். "சாரோட வூட்டம்மா."

கரண்ட் ஆபீஸ் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வேறு ஆளாயிருந்தால் அத்தோடு சைக்கிளை எடுத்திருப்பான். வெங்கடாசலமா எடுப்பார்? அந்தக் கடைசி ரீலே தேவையில்லை, டைரக்டர் ஒரு அரைவேக்காடு, கொட்டகையில் முடித்ததுதான் சரியான முடிவு என்று வாதாட ஆரம்பித்தார். தோற்காமலிருக்க, படம் எடுத்தவனைவிட பென்னாகரம் பஸ்ஸுக்கு சினிமா தெரியும் என்கிற வரைக்கும் இறங்கிவிட்டார். ராமக்காளுக்கு அவரைப் பார்க்கக் கோபம்கூட வரவில்லை. இந்த ஆளிடமா இத்தனை வருஷம் பயந்தோம் என்று அருவருப்பாக இருந்தது.

"நீங்க வூட்டுக்குப் போங்க" என்றாள். "சோறு வடிச்சு வெச்சிருக்கேன். நான் மேட்டினி பாத்துட்டு வர்றேன்."

"மறுபடியும் இதையேவா? உனக்கு இதுல என்னா புரிஞ்சுது?"

"அவ திரும்பிப் பாக்கலைங்க. அதுதான் புரிஞ்சுது."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே பெண்கள் வரிசையில் போய் நின்றாள். "ஏ ராமக்கா!" என்று கூப்பிட்டார் வெங்கடாசலம். ஆபீஸ் ஆட்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ராமக்கா!" என்று இன்னொரு தரம் கூப்பிட்டார். டிக்கெட் ஜன்னலைத் திறந்தார்கள். வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள்.