குக்கர் விசிலுக்குள் ஒரு கிட்டார்

அப்பாவுக்கு அந்தக் கிட்டார் கிடைத்தது ஒரு தவறு என்றுதான் அம்மா இன்றும் சொல்வார். அப்பா வேலை பார்த்த லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஹோட்டலில் விருந்து வைத்து, கடைசியில் அதிர்ஷ்டக் குலுக்கல் நடத்துவார்கள். அந்த ஆண்டு அப்பாவின் சீட்டுக்கு முந்தைய எண்ணுக்கு ரைஸ் குக்கர் விழுந்தது. அடுத்து அப்பாவின் எண்ணை வாசித்தார்கள். சிவப்பு நிற எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைக் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்துக்கொண்டு தெம்பனிஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலறை வீட்டில் என்ன செய்வது என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தனியாகக் குரல் கிடையாது என்பதை அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் மீட்டினால் தகர டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வேலை முடிந்து வந்து, குளித்து, அப்பா தினமும் அந்தக் கொசுவை வாசித்தார். நான் தரையில் உட்கார்ந்து கிட்டாரின் முதுகில் காதை ஒட்டவைத்துக்கொள்வேன். மரத்துக்குள் அதே சத்தம் பெரிதாக, ஆழமாகக் கேட்கும். வீட்டில் வேறு யாருக்கும் கேட்காத ஒன்று எங்கள் இருவருக்கு மட்டும் கேட்டது. அதனால் கிட்டார் எங்கள் வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்பதில் நான் அப்பாவைவிட உறுதியாக இருந்தேன்.

ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும் என்று அப்பா வாயெடுத்த அன்றே அம்மா நிபந்தனை போட்டுவிட்டார். பக்கத்து வீட்டு மக்சிக்கின் பேரன் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மக்சிக் என்றுதான் நாங்கள் அந்த மலாய் அம்மாவைக் கூப்பிடுவோம், அவருடைய கணவரைப் பக்சிக் என்று. பிள்ளை தூங்கினால்தான் அந்த வீடே தூங்கும்.

“ஒரு வாரம் பாப்பேன். மக்சிக் ஒரே ஒரு தடவை வந்து கேட்டைத் தட்டினாங்கன்னா, அன்னைக்கே ரெண்டையும் வித்துடணும். கிட்டார், அந்தப் பொட்டி, ரெண்டும்.”

“எவ்ளோ சத்தம் இருக்கலாம்மா?” என்று நான் கேட்டேன்.

அம்மா யோசிக்காமல் சொன்னார். “நம்ம குக்கர் விசில் அளவு. பத்து வருசமா அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே.”

மற்றவர்களுக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அது ஓர் அளவுகோல். மறுநாள் அம்மா பருப்பு வைத்தபோது நான் தாழ்வாரத்துக்குப் போய், ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு கதவு தள்ளி நின்றேன். நான்காவது கதவுவரை தெளிவாகக் கேட்டது. ஐந்தாவது கதவில், கேட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தது. எங்கள் கதவிலிருந்து நான்காவது கதவுவரை என் காலுக்கு முப்பத்திரண்டு அடி. இதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அதற்குக் கீழே மற்றவை: கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும், நானே தூக்க முடிய வேண்டும், ஹெட்ஃபோன் மாட்ட ஓட்டை இருக்க வேண்டும். ஹெட்ஃபோனுக்கு மட்டும் இரண்டு நட்சத்திரம் போட்டேன்.

சனிக்கிழமை சிட்டி ஹால் பக்கம் ஒரு பழைய கடைத்தொகுதிக்குப் போனோம். ஒரு மாடி முழுக்கக் கிட்டார் கடைகள். மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் தம்பி, பாலிடெக்னிக்கில் படித்தபோது பேண்ட் வைத்திருந்ததாகச் சொல்லிக்கொள்பவர். நேராகப் போய், என் இடுப்பு உயரத்துக்கு இருந்த ஒரு கறுப்புப் பெட்டியைத் தட்டினார்.

“அத்தான், வாங்கினா இதை வாங்கணும். ஸ்டேடியத்துக்கே போதும்.”

“கட்டிலுக்கு அடியில போகாது” என்றேன்.

“கட்டிலை இதுக்கு மேல போடலாம்லா.”

கடையில் இருந்தவர் முடி வளர்த்த சீன இளைஞர். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா உடனே சுவரில் மாட்டியிருந்த கிட்டார் தோள்வார்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவர் நீட்டிய கடைக் கிட்டாரை மாமா வாங்கி மடியில் வைத்து, அப்படியும் இப்படியும் நகர்த்தி, இது இடக்கைக்காரர்களுக்கு உரியது போலிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். அது சாதாரணக் கிட்டார்தான். பேண்டில் மாமாவின் வேலை ஒயர் சுருட்டுவது என்று அம்மா ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார்.

நான் நோட்டை நீட்டினேன். இளைஞர் படித்துவிட்டு, நட்சத்திரங்களைத் தொட்டுப் பார்த்து, “ஓகே, லிட்டில் பாஸ்” என்றார். அதன்பிறகு அவர் மாமாவிடம் பேசவே இல்லை. என்னிடம்தான் விளக்கினார். பெரிய பெட்டியை வீட்டில் வைத்தால் சத்தக் குமிழை முதல் கோட்டுக்கு மேல் திருப்பவே முடியாது; அந்த அளவில் அது தொண்டை கட்டின மாதிரிதான் ஒலிக்கும். ஆகச் சின்னது பேட்டரியில் ஓடும், இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். அதை மாட்டி வாசித்துக் காட்டினார். கொசு தேனீயாகியிருந்தது, அவ்வளவுதான். நடுவில் ஒன்று இருந்தது. பத்து வாட், ஷூ பெட்டி இரண்டை அடுக்கிய அளவு, மேலே தோல் கைப்பிடி. மூன்றே மூன்று குமிழ். பக்கத்தில் ஹெட்ஃபோன் ஓட்டை.

அதைச் சோதிக்க வேண்டுமே. குமிழைப் பாதிக்குத் திருப்பி இளைஞரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நான் கடைக்கு வெளியே நடந்து அடிகளை எண்ணினேன். மாமா கடை வாசலில் நின்று, வாசிக்கும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முப்பத்திரண்டாவது அடி ஒரு தையல் கடைக்கு முன்னால் முடிந்தது. தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கேட்டது. இன்னும் எட்டு அடி போனேன். கேட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் வந்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைப் பிற்காலத்தில் பரீட்சை முடிவுகள்கூடத் தந்ததில்லை. ஓடி வந்து சொன்னேன்.

“அப்பா, இது நம்ம குக்கரேதான்!”

இளைஞருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. வாசிக்கத் தெரியாதவர் தோல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, ஒரு முறை ஆட்டிப் பார்த்து, “சரி, இதுதான்” என்றார். எம்ஆர்டி ரயிலில் தெம்பனிஸ் வரும்வரை பெட்டி அப்பாவின் மடியிலேயே இருந்தது. உட்கார இடம் கொடுத்த பாட்டிக்கு அது என்னவென்று மாமா ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் விளக்கிக்கொண்டு வந்தார்.

அம்மாவின் ஒரு வாரம் அன்றே தொடங்கியது. சோதனைக் காலத்தில் எதற்கு வம்பு என்று நான் ஒரு விதி போட்டேன்: ஏழு நாளும் ஹெட்ஃபோனில்தான் வாசிக்க வேண்டும். அப்பாவின் ஹெட்ஃபோன் முனை ஒல்லி, ஆம்ப்ளிஃபயரின் ஓட்டை தடிமன். இரண்டையும் சேர்க்கச் சுண்டுவிரல் அளவில் ஓர் அடாப்டர் வாங்கினோம். மாட்டியதும் ஆம்ப்ளிஃபயர் அமைதியானது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரவு உணவுவரை வாசித்தார். தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பயிற்சியில் நீண்ட நடையின்போது எல்லாரும் சேர்ந்து பாடும் பழைய மலாய்ப் பாட்டு ஒன்று. அதைத்தான் முதலில் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார்.

மூன்றாம் நாள் மாலை கேட் தட்டப்பட்டது. மக்சிக் நின்றிருந்தார். தோளில் துண்டு, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. அவருக்குப் பின்னால் பக்சிக். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப்பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். என் நோட்டில் எந்த வரி தப்பு என்று நான் வேகவேகமாக யோசித்தேன். ஒன்றும் தப்பில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம்கூட வெளியே வரவில்லை.

மக்சிக் பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“உங்க வீட்டுக்காரர் மூணு நாளா பாடுறாரு. பேபி நல்லாத் தூங்குது, அது பிரச்சினை இல்லை. இவர்தான் தூங்க மாட்டேங்கிறாரு. எங்கேயோ கேட்ட பாட்டுங்கிறாரு, என்ன பாட்டுன்னு தெரியலை. மியூசிக் இல்லாம எப்படிலா கண்டுபிடிக்கிறது?”

அறைக்குள்ளிருந்து அதே நேரத்தில் அப்பாவின் குரல் கிளம்பி வந்தது. ஹெட்ஃபோன் மாட்டியவருக்குத் தன் குரல் கேட்காது. கேட்காததால் இன்னும் உரக்கப் பாடுவார். நாங்கள் மூன்று நாளாக அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்; ஆனால் என் நோட்டில் ‘அப்பா’ என்று ஒரு வரி இல்லை. அந்தக் குரல் நான்காவது கதவைத் தாண்டி லிஃப்ட்வரை போயிருக்கும்.

நான் ஓடிப் போய் அப்பாவின் தோளைத் தட்டினேன். ஹெட்ஃபோனைக் கழற்றிய அப்பா, என் பின்னால் அறை வாசலில் வந்து நின்ற மூன்று பேரைப் பார்த்தார். அவ்வளவு சிவந்த முகத்தோடு அவரை நான் பார்த்ததில்லை. “சாரி, மக்சிக், சாரி” என்று கிட்டாரைக் கீழே வைக்கப் போனார்.

“வைக்காத, வைக்காத. அதைக் கழட்டு” என்றார் பக்சிக், ஆம்ப்ளிஃபயரில் செருகியிருந்த அடாப்டரைக் காட்டி.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பக்சிக் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா அதைப் பிடுங்கினார். கிட்டார் எங்கள் வீட்டில் முதல் தடவையாக வெளியே பேசியது. இரண்டு சுரம் சரியாக விழுந்தது, மூன்றாவது தப்பியது, நான்காவதைத் தேடிப் பிடித்தார். அதற்குள் பக்சிக் “ஆ!” என்று தொடையில் அடித்துக்கொண்டார். அவரும் தேசிய சேவையில் பாடியதுதான். இருவரும் பாடினார்கள், தாளம் ஒத்துப்போகவே இல்லை. இரண்டாவது சுற்றில் மக்சிக்கும் சேர்ந்துகொண்டார். பக்கத்து வீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தது.

அடுப்பில் குக்கர் இரண்டு விசில் விட்டிருந்தது. மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் அம்மா போய் அணைத்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பருப்பு வேகவில்லை. அந்தப் பருப்பைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிட்டாரை விற்பது பற்றியும் பேச்சு வரவில்லை.

ஆனாலும் நான் என் விதியைத் தளர்த்தவில்லை. சனி ஞாயிறு ஹெட்ஃபோன் இல்லாமல் வாசிக்கலாம், மற்ற நாள் ஹெட்ஃபோன்தான் என்றேன். அப்பா ஒப்புக்கொண்டார். அடுத்த வாரமே அடாப்டர் காணாமல் போனது. அது இல்லாமல் ஹெட்ஃபோன் மாட்ட முடியாது. வேறு வழியில்லாமல் அப்பா எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனபோது சிராங்கூன் சாலையில் இன்னொன்று வாங்கினோம். அதுவும் பத்து நாளில் போய்விட்டது. மூன்றாவதும் அப்படியே. இவ்வளவு சின்னப் பொருளை வடிவமைத்தவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. நான்காவதற்கு நீலக் கயிறு கட்டி, ஆம்ப்ளிஃபயரின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டேன். அம்மா அந்த முடிச்சை நெடுநேரம் பார்த்துவிட்டு, “நீ ரொம்ப கெட்டிக்காரி” என்றார். நான்காவது, கயிற்றோடு காணாமல் போனது. பிறகு நாங்கள் வாங்கவில்லை. அப்பா நான்காவது கதவுவரை கேட்க வாசிக்கப் பழகிவிட்டார்.

இன்று நான் கட்டடங்களில் சத்தம் அளக்கும் வேலையில் இருக்கிறேன். குக்கரைவிடத் துல்லியமான கருவிகள் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் அம்மாவின் அடுப்படியைப் புதுப்பிக்க அலமாரிகளைக் காலி செய்துகொடுத்தேன். மேல்தட்டின் மூலையில் குக்கர் வந்த பழைய அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே தேய்ந்துபோன ரப்பர் வளையங்கள், ஓர் உபரி வெயிட், அவற்றுக்கு அடியில் நான்கு அடாப்டர்கள். ஒன்றில் நீலக் கயிறு.

அம்மா கீழேயிருந்து பார்த்தார். “அது எதுக்காச்சும் ஆகும். அங்கேயே வை” என்றார். பக்கத்து அறையில் அப்பா அதே பாட்டில் அதே மூன்றாவது சுரத்தைத் தப்பவிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அடாப்டர்கள் தொலைந்தபோது அதில் சந்தேகத்துக்குரியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். மாமா முதலில். பிறகு அப்பா, பக்சிக், துடைப்பம், நான். அம்மாவின் பெயரை எழுதி, உடனே அடித்திருக்கிறேன். பக்கத்தில் காரணமும் எழுதியிருக்கிறேன்: ‘இந்த வீட்டில் சத்தம் வேண்டாம் என்று சொன்னது அம்மா மட்டும்தான்.’