சதுக்கத்தில் ஒரு திருடன்

கூடைக்காரி இருக்கிறாள். குதிரைவண்டி இருக்கிறது. நீரூற்றடியில் வேடிக்கை பார்க்கும் சிப்பாயும் இருக்கிறான். அருங்காட்சியகம் திறக்குமுன் அந்தப் பழைய எண்ணெய் ஓவியத்தின் முன்னால் நின்று, விரலை நீட்டி நீட்டி ஆள் கணக்கெடுப்பது காவல் அம்மாவின் வழக்கம். சந்தை கூடிய நகரச் சதுக்கம் அது. கூட்டத்துக்குக் குறைவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அதிலிருந்து யாராவது நழுவியிருப்பார்களோ என்பது போலத்தான் பார்ப்பார்.

கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சோதனைச்சாவடி'. கைக்குழந்தையின் போர்வையைக்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். யாராவது குடையோடு வந்தால் வானத்தை எட்டிப் பார்ப்பார். தேநீர் வாங்கிக் கொடுத்தால், எதற்காக வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அது ஆறிப்போகும்.

ஓவியத்திலும் அவருக்கு ஆகாதவன் ஒருவன் உண்டு. ரொட்டிக்கடை ஓரத்தில் நிற்கும் நீளக் கோட்டுக்காரன். முகம் எங்கோ பார்க்கிறது. கை மட்டும் பக்கத்துப் பெண்ணின் பைக்குக் கீழே இருட்டுக்குள் போகிறது. “மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா? பச்சைத் திருடன்” என்று பார்க்க வருபவர்களிடமெல்லாம் காட்டிக்கொடுப்பார்.

தன் கண் தப்பியதே இல்லை என்பது அவர் பெருமை. அந்தக் கண்ணை நம்பித்தான், வீட்டில் வளையல் காணாமல் போனபோது மருமகனைக் கைகாட்டினார். அன்றிலிருந்து மாப்பிள்ளை வாசற்படி மிதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவள் திரும்பும்வரை கீழே தெருவில் வண்டியோரம் நிற்கிறார். மகளும் இப்போதெல்லாம் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. இப்படியே போனால் அவளும் வருவதை நிறுத்திவிடுவாள் என்ற பயம் அம்மாவை அரிக்கிறது. ஆனாலும் சொன்ன சொல்லை விழுங்க மனம் வரவில்லை.

போன வாரம் ஓவியம் சுத்தம் செய்யப்பட்டுத் திரும்பி வந்தது. புகையும் அழுக்கும் போனதில் கோட்டுக்காரனின் கையை மறைத்திருந்த இருட்டும் விலகியிருந்தது. அங்கே ஒரு சின்னப் பெண்குழந்தை. கூட்டத்தில் தொலைந்துவிடாமல் அவள் கையை அவன் பிடித்திருந்தான்.

சுத்தம் செய்தவரை அம்மா லேசில் விடவில்லை. “இந்தப் புள்ளைய நீங்களா வரைஞ்சு வச்சீங்க?”

அவர் சிரித்துக்கொண்டே உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தார். கோட்டுக்காரனின் கைமடிப்பில் தொடங்கிய வெடிப்பு ஒன்று, எங்கும் அறுபடாமல் குழந்தையின் விரல்வரை ஓடியது. புதிதாகப் பூசிய வண்ணத்தில் அப்படி ஓடாது என்று அவர் சொன்னார். அம்மா கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வெகுநேரம் ஆயிற்று. அன்று யாருடைய பையையும் அவர் சோதிக்கவில்லை.

வளையல் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். வண்டியோரம் நின்ற மருமகனிடம் சாவிக்கொத்தை நீட்டினார்.

“வெயில்ல நிக்காதீங்க மாப்பிள்ளை. மேல போய் உக்காருங்க. நாங்க கடைக்குப் போயிட்டு வந்துடறோம்.”

பீரோ சாவியும் அந்தக் கொத்தில்தான் இருந்தது. தெருமுனை வரும்வரை கழுத்து திரும்பிப் பார்க்கத் துடித்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்து நடந்தார்.