மீனுக்குப் பழைய தண்ணீர்தான் நல்ல தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு உயிரைக் கொல்லப் பார்த்தேன். கோபத்தில் இல்லை... பாசத்தில்.

பிள்ளைகளே, எங்கள் வீட்டில் இரண்டு தங்கமீன்கள் இருப்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கௌதமி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தெருவுக்குத் தெரு கால்பந்து ஆடுகிற வியாசர்பாடிப் பிள்ளை... பந்து உதைக்காமல் இருப்பாளா? மீன்களுக்கும் ஸ்ட்ரைக்கர், கீப்பர் என்றுதான் பெயர் வைத்தாள். ஸ்ட்ரைக்கர் ஓர் இடத்தில் நிற்காது. கீப்பர் நின்ற இடத்தை விட்டு நகராது.

மீன் வாங்கக் கொளத்தூர் போனபோது, சின்னதாக ஓர் உருண்டை ஜாடி போதும் என்பது என் எண்ணம். நான் வெளியே வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தாள் கௌதமி.

"ஜாடி வேணாம் நைனா. கோல்டு ஃபிஷ் நெறைய கக்கா போவும். சின்ன ஜாடின்னா அதோட அசிங்கத்துலயே அது கெடந்து சாவும். பெரிய தொட்டியா வாங்கு."

இரண்டரை அடித் தொட்டி வாங்கினோம். கடைக்காரர் சொன்ன மற்ற விஷயங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் படிக்கவில்லை. பதினாறு வருடமாக மணலியில் வெல்டிங் வேலை பார்க்கிறவன் நான்... ஒரு மீன்தொட்டியைக் கழுவ நோட்டு எதற்கு?

ஞாயிறு காலை கௌதமி மைதானத்துக்குப் போயிருந்தாள். தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. லாரி வந்தால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குடங்களில் மிச்சமிருக்கும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்போம். இரண்டு நாள் ஆன தண்ணீரை யார் குடிப்பது? நானும் கொட்டினேன். அடுப்புப் பக்கத்தில், வாயில் துணி கட்டி, ஒரு பச்சைக் குடம் இருந்தது. அதையும் கொட்டிப் புதிதாகப் பிடித்துவந்தேன்.

லீவு நாள்தானே என்று தொட்டியையும் ஒரு கை பார்த்தேன். மீன்களை வாளியில் விட்டேன். தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்தேன். கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நாங்கள் குடிக்கிற புதுத் தண்ணீரையே தொட்டி நிறைய ஊற்றி, மீன்களை விட்டேன். தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். ஸ்ட்ரைக்கர் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. கீப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் காலெல்லாம் மண்ணோடு கௌதமி வந்தாள்.

"இன்னா நைனா பண்ண?"

"கிளீன் பண்ணேம்மா. புது தண்ணி ஊத்திகீறேன்."

குனிந்து மோந்து பார்த்தாள். "மருந்து வாசன வருது." உடனே அடுப்புப் பக்கம் ஓடினாள். "என் பச்ச கொடத்துல இருந்த தண்ணி எங்க?"

"அது பழைய தண்ணிமா. கொட்டிட்டேன்."

அவள் அழவில்லை. "அது பழசாவணும்னுதான் நைனா ரெண்டு நாளா வெச்சிருந்தேன்" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான், பிள்ளைகளே. லாரித் தண்ணீரில் கிருமி சாகக் குளோரின் கலக்கிறார்கள். நமக்கு அது நல்லது. மீனுக்கோ அது செவுளைச் சுட்டுவிடும். தண்ணீரை ஒன்றிரண்டு நாள் மூடி போடாமல் வைத்தால் குளோரின் காற்றில் போய்விடும். கொசு முட்டையிடாமல் இருக்கத்தான் துணி.

"கீழ யாராச்சும் இன்னும் கொட்டாம வெச்சிருப்பாங்க" என்று இறங்கி ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

இரண்டாவது லாரிக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. முன்னால் மல்லிகா அக்கா. எங்கள் பிளாக்கில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். குழாய் வரிசை அவர் ஆட்சி. லாரி டிரைவரே அவரைப் பார்த்தால் ஹாரனைக் குறைத்துக்கொள்வார். அவர் தன் டிரம்மைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொட்டாத. அந்த தண்ணிய எனக்கு குடு."

"இன்னா மே நீ? புது தண்ணி வந்துகினு கீது. இந்த பழசு இன்னாத்துக்கு உனுக்கு?"

"மீனுக்கு. நைனா புது தண்ணிய ஊத்திடுச்சி. ரெண்டும் சாவுற மாரி கீது."

வரிசையில் ஒருவர் சொன்னார்: "மன்சனுக்கு பழைய சோறு... மீனுக்கு பழைய தண்ணியா? நல்லாக்கீதே."

மல்லிகா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, டேங்கர் லாரியவே ஒட்டவெக்கிற ஆளு நீ. ஒரு வெரல் நீளத்து மீன வெச்சிக்க தெரியலியா உனுக்கு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆனால் அக்கா டிரம்மை நிமிர்த்திவிட்டார். "ஏய், பழசு வெச்சிகினுகீறவங்க கொட்டாதீங்க. இந்த பொண்ணுக்கு வோணுமாம்."

ஐந்து குடம் சேர்ந்தது. மூன்றாவது மாடி வரை தூக்கியது யார் என்று கேட்காதீர்கள்... தண்டனை என்று ஒன்று வேண்டாமா?

மேலே வந்ததும் கௌதமி ஒவ்வொரு குடத்தையும் மோந்து பார்த்தாள். நான்காவதைத் தள்ளிவைத்தாள். "இது மொத லாரில புடிச்சது. வேணாம்." பாவப்பட்டு யாரோ புதுத் தண்ணீரையே கொடுத்திருக்கிறார்கள் — என்னைப்போல. நான் வைக்கிற வெல்டிங்கைச் சோதிக்கிற இன்ஜினியரிடம்கூட இந்த நிதானத்தை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயது. என் பெண்.

வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கிற பெரிய நீல டப்பில் பழைய தண்ணீரை ஊற்றி மீன்களை மாற்றினாள். மக்கில் மொண்டு உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னாள். அப்போதுதான் காற்று கலக்குமாம். ஒரு மணி நேரம் ஊற்றினேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடம் நடத்தினாள்.

"ஸ்பாஞ்ச குழாய்ல கழுவாத நைனா. தொட்டிலேந்து எடுக்குற தண்ணிலயே சொம்மா அலசு. அதுல நல்ல கிருமி கீது, அதான் கக்காவ துன்னும். தண்ணியயும் மொத்தமா மாத்தாத. நாலுல ஒரு பங்கு, வாரம் ஒரு தபா."

வீட்டில் சிமென்ட் தொட்டியிலோ, பள்ளியில் சின்னக் குளத்திலோ தங்கமீன் வளர்ப்பவர்களுக்கும் இதேதான். அங்கே கொஞ்சம் நிழலும் வேண்டும் என்று நோட்டில் இருக்கிறது. ஆமாம், இப்போது படித்துவிட்டேன்.

மதியத்துக்குள் ஸ்ட்ரைக்கர் கீழே இறங்கிவிட்டது. கீப்பர் சாய்ந்தபடியே கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. சாயங்காலம் விளையாடக் கூப்பிட வந்த தோழிகளைக் கௌதமி திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டில் யாரும் டிவி போடவில்லை.

திங்கள்கிழமை காலை எழுந்து பார்த்தால்... கீப்பர் நிமிர்ந்து, துடுப்பை ஆட்டிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்த மீன் நகராமல் நிற்பதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை.

ஏழு மணிக்குக் கதவு தட்டினார்கள். மல்லிகா அக்கா. முட்டிவலிக்காரர், மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார்.

"பொழச்சிச்சா?"

எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நான் கொட்டப்போன தண்ணில நீந்துது பாரேன்" என்றபடி முந்தானையிலிருந்து ஒரு கை பொரியை எடுத்தார்.

கௌதமி குறுக்கே கையை நீட்டினாள். "ஒண்ணும் போடாத அக்கா. ரெண்டு நாளு பட்டினிதான் அதுக்கு மருந்து. பொரி எப்பவுமே வேணாம்."

மல்லிகா அக்காவிடம் 'வேணாம்' என்று யாரும் சொல்லி எங்கள் பிளாக்கில் நான் கேட்டதே இல்லை.

அக்கா அவளைப் பார்த்தார், கையிலிருந்த பொரியைப் பார்த்தார். பிறகு அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.