கால் ஊன்றியவர்களின் பட்டியல்

எங்கள் கிளப்பில் அக்காவை யாருக்கும் பிடிக்காது. எனக்கே முதல் இரண்டு வருஷம் பிடிக்கவில்லை. நான் அங்கே நீச்சல் குளத்துப் பம்ப் ஆபரேட்டர். தண்ணீரைச் சுத்தம் செய்து சுற்றவிடுவது என் வேலை. அக்கா நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. மற்ற எல்லாருக்கும் 'விசில்'.

பதினெட்டு வருஷம் குளோரின் தண்ணீரில் ஊறி முடி செம்பட்டை ஆகிவிட்டது. இடது காது பாதி மந்தம். கோபம் மட்டும் துளிகூடக் கரையவில்லை. ஈரத் தரையில் ஓடுகிற பையனைப் பிடித்து ஓரமாக உட்கார வைப்பார். அதைத் தட்டிக்கேட்க வரும் அப்பாவையும் பக்கத்திலேயே உட்கார வைப்பார். கல்யாண வாழ்க்கை ஏழு மாதம் நடந்ததாம். அதைப் பற்றி ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை கேட்டதில்லை.

கடலுக்குப் போய், மூச்சுக்குழாய் மாட்டி மிதந்து, பவளப்பாறை பார்ப்பது என்பது கிளப் செயலாளரின் யோசனை. அந்த மனிதர் எதை ஆரம்பித்தாலும் முதலில் தொப்பி அடிக்கக் கொடுப்பார். படகு பேசுவதற்கு முன்பே பன்னிரண்டு தொப்பி வந்து இறங்கிவிட்டது. பதினொன்று உறுப்பினர்களுக்கு. பன்னிரண்டாவது அக்காவுக்கு, கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

அன்று அக்கா பம்ப் அறைக்கு வந்து, யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக் காட்டினார்.

"பதினெட்டு வருஷமா தண்ணிக்குள்ள டைல்ஸத்தான் பாத்துட்டு இருக்கேன். ஒரு தடவையாவது உயிரோட இருக்கிற எதையாவது பாக்கணும்டா" என்றார்.

அவர் எதற்காவது ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான். அவருக்கு அது கிடைத்தே ஆகவேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

பிறகு படகுக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. பாறை இருக்கும் இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதானாம். பயந்தவர்கள் சட்டென்று எழுந்து நிற்பார்களாம். நின்றால் காலடியில் பவளம் நொறுங்கும். அதனால் ஒவ்வொருவரும் குளத்தின் ஆழமில்லாத பகுதியில் கால் ஊன்றாமல் இருபது நிமிஷம் மிதந்து காட்ட வேண்டும். பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் தண்ணீரில் இறங்கலாம். மற்றவர்கள் படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பத்துப் பேர் முட்டி மோதித் தேறிவிட்டார்கள். செயலாளர் நான்காவது நிமிஷத்தில் எழுந்து நின்றார். அக்கா விசில் அடித்தார். மறுநாள் ஆறு நிமிஷம், விசில். மூன்றாம் நாள் ஒன்பது நிமிஷம். அன்று அவருடைய மனைவியும் மாமனாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"தரைன்னு ஒண்ணு இருந்தா மனுஷன் கால் வைக்கத்தான் செய்வான். இதுல என்ன பெரிய தப்பக் கண்டுட்டீங்க?"

"தரைல வைங்க சார், யாரு வேணாங்கிறா. அங்க இருக்கிறது தரை இல்ல."

"நீங்க அங்க போய்ப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"பாக்காதவங்க எனக்குப் பாடம் எடுக்கிறீங்க. லிஸ்ட்லருந்து உங்க பேர அடிக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"அடிங்க. கையெழுத்து யார் போடுவா?"

செயலாளர் சிரித்தார். "லிஸ்ட்ல உங்க பேரும் இருக்கே மேடம். அப்ப நீங்களும் மிதந்து காட்டணும்ல? நாளைக்கு மூணு மணிக்கு வச்சுக்கலாம்."

மூன்று மணி என்று சும்மா சொல்லவில்லை. விடுமுறைக் காலம், காலை ஆறு மணியிலிருந்து ஐந்து வகுப்பு. மூன்று மணிக்கு அக்காவின் கால் இரண்டும் மரக்கட்டை ஆகியிருக்கும். அது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும். வேறு நேரம் கேளுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அக்காவின் மண்டையில் ஏறினால்தானே.

மறுநாள் அக்கா இறங்கினார். மாஸ்க், குழாய், அசையாத முதுகு. செயலாளர் கரையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கழுகு மாதிரி பார்த்தார். பத்து நிமிஷத்தில் அலுத்துப்போய்ச் செல்லை நோண்டத் தொடங்கினார். பதினேழாவது நிமிஷம் அக்காவின் இடது கெண்டைக்கால் வெட்டி இழுத்தது. உடம்பு ஒருமுறை துள்ளியது. கால் கீழே போய் டைல்ஸில் ஊன்றியது. இரண்டு நொடிகூட இருக்காது. மறுபடி மிதந்தார். பார்த்தது நான் ஒருவன்தான். எனக்கு உயிர் போய் வந்தது. செயலாளர் தலையைத் தூக்கவே இல்லை.

இருபது நிமிஷம் முடிந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தாங்கித் தாங்கி ஏறினார்.

"பரவால்லையே, பாஸாயிட்டீங்க" என்றார் செயலாளர். பட்டியலை நீட்டினார். குரல் திடீரென்று வெல்லமாகிவிட்டது. "சண்டை எதுக்கு மேடம்? உங்க பேருக்கு ஒரு டிக் போடுங்க, என் பேருக்கும் ஒண்ணு போடுங்க. ரெண்டு பேரும் சந்தோஷமா போய்ட்டு வருவோம்."

அக்கா பேனாவை வாங்கினார். தாளில் சொட்டாமல் இருக்க உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

"பதினேழாவது நிமிஷம் கால வச்சுட்டேன் சார்."

"நான் பாக்கலையே."

"நீங்க பாக்கலைன்னா?"

'படகில் இருப்பவர்கள்' என்ற தலைப்பின் கீழ் முதலில் செயலாளர் பெயரை எழுதினார். அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார். கையெழுத்துப் போட்டு நீட்டினார். செயலாளர் தாளையே முறைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அக்காவைத் திட்ட ஒரு காரணமும் மிச்சமில்லை. அது தெரிந்ததும் இன்னும் அதிகமாக வெறுத்தார் என்று நினைக்கிறேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பம்ப் அறைக்கு வந்த அக்காவைப் பிடித்துக் கத்திவிட்டேன்.

"அவன் செல்ல நோண்டிட்டுத்தானே இருந்தான். வாய மூடிட்டு இருந்திருந்தா என்னக்கா குறைஞ்சு போயிருக்கும்? இனி ஒரு சான்ஸ் எப்ப வரும்?"

"வராது" என்றார். கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "இன்னிக்கு சுளுக்குன கால் அங்க சுளுக்காதா? அங்கயும் வச்சிருப்பேன்டா."

"அப்ப போகாதீங்க. எதுக்குப் போய்ப் படகுல உக்காரணும்?"

"அவன் எதிர்ல உக்காரத்தான். மூணு மணி நேரம் என் மூஞ்சியையே பாக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. முகவாய் துடித்தது, பிறகு தோள் குலுங்கக் குலுங்க அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கி என் மூஞ்சியிலேயே வீசினார்.