ரங்கூனில் காதில் விழுந்த சிக்ஷை

மகாயுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பின் காசிக்குப் போகக் கிளம்பினேன். ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்த மைத்துனரையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து கல்கத்தா வழியாகப் போவதாக ஏற்பாடு. சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலின் டெக்கில், திறந்த மேல்தட்டில், நாலு ராத்திரி. படுக்கப் பாயும் எலுமிச்சம்பழமும் கையோடு எடுத்துப் போங்கள். கப்பல்காரன் கொடுப்பான் என்று நம்பாதீர்கள்.

மைத்துனர் வீட்டில் இடமில்லாததால் லான்மடாப் பேட்டையில் காதர் பாயின் துணிக்கடை மாடியில் தங்கினேன். எதிர் அறையில் ஒரு நேபாளத்துக்காரர். பாய் அவரை ‘சயா’ என்பார். பர்மாவில் வாத்தியாரை அப்படித்தான் அழைக்கிறார்கள். வாத்தியாராவது, மண்ணாவது! விடிந்ததிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறார். சாயங்காலமானால் கூர்க்கா சிப்பாய்கள் வந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது.

கப்பலேறுவதற்கு முந்தின நாள் அவரே துணியில் சுற்றிய ஒரு காகிதக் கட்டோடு வந்தார். காசியில் ஓர் அச்சுக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம். பல வருஷ உழைப்பு, வேறு பிரதி கிடையாது, தபாலை நம்ப முடியாதாம். என் அரைகுறை இந்துஸ்தானியில் குடைந்தேன். யார் யார் வருகிறார்கள், எந்தப் பட்டாளம், பெயர் என்ன, எதற்கு இதெல்லாம்?

“சிப்பாய்களுக்கு சிக்ஷா,” என்றார்.

சிக்ஷை! ஜட்ஜு விதிப்பதல்லவா அது? பட்டாளத்துக்குள் யாரோ யாரையோ தண்டிக்கத் திட்டம் போடுகிறார்கள். கல்கத்தாத் துறையில் போலீஸ் கட்டைப் பிரித்தால் எனக்கு அந்தமான்தான். ஆளை விடும் சாமி என்று கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

காதர் பாயிடம் சொன்னால், விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

“அட போங்க தம்பி! அவங்க பாஷையில சிக்ஷான்னா படிப்பு. சமஸ்கிருதக் கதையை எல்லாம் தன் பாஷையில எழுதி, அந்தப் புள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்றாரு.”

மறுநாள் காலை பாயையும் கூட்டிக்கொண்டு போய்ச் சயாவின் கதவைத் தட்டினேன். கட்டைக் கொடுங்கள், நானே சேர்க்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பாயிடம் என்னவோ சொன்னார்.

“உங்களை சி.ஐ.டி.ங்கிறாரு தம்பி. பட்டாளம், பேரு எல்லாம் விசாரிச்சீங்களாமே?”

“ஐயையோ! இல்லேன்னு எடுத்துச் சொல்லுங்க பாய்!”

பாய் சொல்லித்தான் பார்த்தார். “சி.ஐ.டி.யும் இப்படித்தான் சொல்வான்ங்கிறாரு,” என்றார் என்னிடம். கதவு சாத்திக்கொண்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார்மேல் காட்டுவது?

இந்த வழியாகக் காசி போகிறவர்கள் கல்கத்தாத் துறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். என் பெட்டியை அங்கே ஒருவரும் திறக்கச் சொல்லவில்லை.