கல்கத்தாவிலிருந்து மல்லிகா பேசுறேன்

சென்ற வாரம் அலுவலகக் கேன்டீனில் சாப்பிட்டு முடித்ததும் கார்த்தி தன் செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து ஒரு வீடியோவைப் போட்டான். மதுரைப் பையன். கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. தேன் மிட்டாய், விரலில் மாட்டிக்கொண்டு தின்னும் மஞ்சள் குழல் அப்பளம், வாட்ச் மாதிரி கையில் கட்டிவிடும் ஜவ்வு மிட்டாய் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பக்கத்து நாற்காலிகளில் இருந்த சேலம், திருச்சிப் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் “டேய், இது!” என்று கூவினார்கள். இருபத்தைந்து வயதுகூட ஆகாதவர்கள், ஏதோ போன ஜென்மத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

“உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுல்ல? நீங்க இங்கயே பொறந்து வளந்தவங்க” என்றான் கார்த்தி. குரலில் உண்மையான பரிதாபம் இருந்தது.

தெரியாதுதான். பவானிபூரில் எங்கள் பள்ளி வாசலில் தேன் மிட்டாய் கிடையாது. ஹஜ்மி இருந்தது. கறுப்புக் கடுகு மாதிரி புளிப்பு உருண்டைகள். நாக்கில் போட்டால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். உதட்டைச் சிவப்பாக்கும் குச்சி ஐஸ் இருந்தது. பஞ்சு மிட்டாய்க்கு வங்காளிகள் ‘புரீர் சூல்’ என்பார்கள், கிழவியின் கூந்தல் என்று அர்த்தம். அர்த்தம் புரிந்த நாளிலிருந்து நான் அதை முழுதாகத் தின்றதில்லை. இதையெல்லாம் சொல்லி அவர்களிடம் என் பங்குக்குக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வீடியோவில் அடுத்த காட்சி வந்துவிட்டது. ஒரு பெண், தலை நிறைய மல்லிகைப்பூவும் கையில் பெரிய ரிசீவருமாக, பழைய டிவித் தொகுப்பாளினிபோல் நடித்துக் காட்டினாள். “ஹலோ, சொல்லுங்க, யார் பேசுறீங்க? எங்கேர்ந்து பேசுறீங்க? டிவி சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க!” மேஜையே சிரித்தது.

நான் கை கழுவப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன். கையை ஏற்கெனவே கழுவியிருந்தேன்.

எங்கள் வீட்டில் அப்போது இருந்தது முதுகு புடைத்த கறுப்பு டிவி. நெடுநேரம் ஓடினால் அதன் பின்பக்கத்திலிருந்து வெந்த தூசியின் வாசனை ஒன்று வரும். எனக்கு அது பிடிக்கும். சாயங்காலம் என்றால் எனக்கு அந்த வாசனைதான். எங்கள் சந்துக்குக் கேபிள் கொடுத்தவர் பாப்பு-தா, அதாவது பாப்பு அண்ணன். நாலைந்து தமிழ் வீடுகளுக்காக மனமிரங்கி ஒரு தமிழ்ச் சேனலை அறுபத்து மூன்றாம் எண்ணில் போட்டிருந்தார். மனமிரக்கத்துக்கு எல்லை உண்டு. கிரிக்கெட்டோ கால்பந்தோ வந்துவிட்டால் முதலில் காணாமல் போவது அறுபத்து மூன்றுதான்.

என் தமிழ் பாதி அந்தச் சேனலில் கற்றது. தெருவில், பள்ளியில் எல்லாம் வங்காளம் பேசிவிட்டு வந்தவளுக்கு, தொலைபேசியில் பாட்டுக் கேட்கும் அந்த நிகழ்ச்சி பெரிய புதிராக இருந்தது. தொகுப்பாளினி வாய்க்கு வாய் “நேயர்” என்பாள். நான் அதை ‘நாயர்’ என்று எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் இத்தனை மலையாளிகளா, அத்தனை பேருக்கும் தமிழ்ப் பாட்டா பிடிக்கிறது என்று ரொம்ப நாள் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அப்பாவிடம் கேட்டபோது அவர் ஆபீசிலிருந்து வந்த களைப்பெல்லாம் போகும்படி சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரித்ததை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அந்த வருஷம் அவள் அதிகம் சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு ஒரே தங்கை. சுமதிச் சித்தி, திருச்சியில் இருந்தாள். தாத்தா பக்கவாதத்தில் படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொண்டது முழுக்கச் சித்திதான். அம்மா ஒருமுறை போய் வந்தாள். மறுபடி கிளம்ப இருந்தபோது எனக்கு டைஃபாய்டு வந்தது. நான் எழுந்து உட்காருவதற்குள் அங்கே தாத்தா போய்விட்டார். ரயிலில் இரண்டு நாள் பயணம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத் தரையில் பையோடு நின்ற அம்மாவைச் சித்தி ஏறிட்டுப் பார்த்தாள். உள்ளே திரும்பி, “விருந்தாளி வந்தாச்சு, யாராவது காபி போடுங்க” என்றாள்.

அம்மா அந்த வீட்டில் காபி குடிக்கவில்லை. காரியம் முடிந்து கல்கத்தா திரும்பிய பிறகு போன் செய்தால், சித்தி குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள். சித்தப்பா எடுத்தால், “அவ வெளிய போயிருக்கா” என்பார். பின்னால் சித்தி யாரையோ அதட்டுவது கேட்கும். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அம்மா ரிசீவரை வைத்துவிட்டு அதன்மேல் போட்டிருக்கும் துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்வாள்.

ஒருநாள் மாலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று டிவியைப் பார்த்துச் சொன்னாள்: “இந்த நிகழ்ச்சிய அவ ஒருநாள் விடாம பாப்பா.”

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மறுநாளிலிருந்து நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு நாங்கள் போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவோம். விரல் நல்ல வேகம் என்று நம்பர் சுற்றும் வேலை எனக்கு. திரையில் ஓடும் சென்னை எண்ணை நான் சுற்ற, அம்மா ரிசீவரில் காதை வைத்திருப்பாள். எப்போதும் அந்த ‘பிஸி’ சத்தம்தான். எஸ்டிடியைப் பூட்டிவைத்துச் சாவிபோல் அதன் ரகசிய எண்ணைக் காத்துவந்த அப்பா, அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பூட்டைத் திறந்து வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். ஈரோட்டிலிருந்து, நாகப்பட்டினத்திலிருந்து, யார் யாரோ பேசினார்கள். கணவனுக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு, டியூஷன் டீச்சருக்கு என்று பாட்டுக் கேட்டார்கள். எங்களுக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை. குளிர்காலம் வந்து போயிற்று. நான் அலுத்துவிட்டேன். அம்மா அலுக்கவில்லை. என்ன பாட்டு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தாத்தா சைக்கிளைத் துடைக்கும்போது முணுமுணுக்கும் பழைய பாட்டு ஒன்று. அதைக் கேட்டால் சித்தியால் கல்லாக உட்கார்ந்திருக்க முடியாது என்பது அவள் கணக்கு.

லைன் கிடைத்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஊரின் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகளுக்கு ஆட்டம். மத்தியானத்திலிருந்தே சந்து முழுக்க இலீஷ் மீன் பொரிக்கிற வாசனை. பாப்பு-தா எதிர்பார்த்தபடியே அறுபத்து மூன்றைத் தூக்கிவிட்டு அங்கேயும் ஆட்டத்தைப் போட்டிருந்தார். நிகழ்ச்சியே தெரியவில்லை, இன்றைக்கு எதற்கு என்றேன். “நம்பர்தான் தெரியும்ல, போடு” என்றாள் அம்மா.

போட்டேன். மணி அடித்தது.

அம்மா என் தோளைப் பிடித்தாள். விரல்கள் எலும்பில் அழுந்தின. நானும் ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டேன். யாரோ ஒருவர் காத்திருக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு தினமும் பெட்டிக்குள்ளிருந்து கேட்ட அதே குரல், எங்கள் காதுக்குள் வந்தது.

“ஹலோ! யார் பேசுறீங்க?”

“கல்கத்தாவிலிருந்து மல்லிகா பேசுறேன்.”

“வாவ், கல்கத்தாவா! அங்கேர்ந்தெல்லாம் நம்ம நிகழ்ச்சிய பாக்குறீங்களா! ரசகுல்லா நெறைய சாப்பிடுவீங்களா?”

“ம்... சாப்பிடுவோம்” என்றாள் அம்மா. அவளுக்கு ரசகுல்லா ஆகவே ஆகாது.

அந்த நேரம் பார்த்து யாரோ கோல் போட்டுவிட்டார்கள். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு, டீக்கடை என்று பவானிபூரே எழுந்து கத்தியது. “மேடம், டிவி சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க” என்றாள் தொகுப்பாளினி. அம்மா பதறிப்போய், “எங்க டிவி இல்லைங்க, தெருவே கத்துது” என்றாள். அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள். “சரி, சொல்லுங்க, யாருக்காக இந்தப் பாட்டு?”

மாதக்கணக்காக அம்மா ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று உண்டு. ‘திருச்சியில் இருக்கும் என் அன்புத் தங்கை சுமதிக்காக’ என்று ஆரம்பிக்கும். எனக்கே மனப்பாடம். அம்மா அதைச் சொல்லவில்லை.

“என் தங்கச்சி சுமதிக்கு. திருச்சியில இருக்கா. எங்க அப்பாவுக்குப் புடிச்ச பாட்டு. அவ எங்கூட பேச மாட்டேங்கறா. நான் போன் பண்ணா வெச்சுடறா. பாப்பாவுக்குக் காய்ச்சல், அதான் வர முடியல. அப்பாவ கடைசியா நான் பாக்கல. அவளாவது பாத்தா. அவளாவது பக்கத்துல இருந்தா. அதுக்குத்தான்... அதுக்கு நன்றி சொல்லணும். அவ்ளோதான்.”

அந்தப் பெண் சுதாரித்துக்கொண்டு, சிரிப்பு இல்லாத ஒரு சின்னக் குரலில், “சுமதி மேடம், அக்காகிட்ட பேசிடுங்க” என்றாள். லைன் போய்விட்டது. டிவியில் மஞ்சளும் சிவப்புமான சட்டை போட்ட ஒருவன் புல்தரையில் முழங்காலிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு வந்ததா, அது என்ன மாதிரி ஒலித்தது, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

அடுத்த அரைமணியில் போன் வரத் தொடங்கியது. முதலில் சென்னையிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா. “வீட்டு விஷயத்த டிவியிலயா பேசுறது?” அடுத்து கோவையிலிருந்து அப்பாவின் நண்பர். அப்பாவே எடுத்து எல்லாருக்கும் “ஆமா, ஆமா” என்று சொல்லி வைத்தார். திருச்சியிலிருந்து மட்டும் வரவில்லை. அம்மா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அது ஆறிப்போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“உங்கம்மாவக் கூப்புடு.”

சித்தியின் குரல். அம்மா வந்து வாங்கிக்கொண்டாள். ‘ஹலோ’ என்றுகூடச் சொல்லவிடாமல் சித்தி ஆரம்பித்துவிட்டாள். அம்மா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க, எனக்கும் கேட்டது.

“ஊர் சிரிக்க வெச்சுட்டியே! மாமியாரு, நாத்தனாரு, மேல் வீட்டுக்காரங்க எல்லாரும் உக்காந்து பாக்குறாங்க. பால்காரன் கேக்குறான், உங்களுக்குக் கல்கத்தாவுல அக்கா இருக்காங்களாமேன்னு! உன்ன யாரு நன்றி சொல்லச் சொன்னது? அவரு எனக்கும்தாண்டி அப்பா! ஒரு வருஷம் தூக்கி உக்கார வெச்சு, தொடச்சுவிட்டு... ராத்திரி பூரா ‘மல்லி வந்துட்டாளா, மல்லி வந்துட்டாளா’ன்னு உன்னையவே கேட்டாரு. என் பேரச் சொல்லி ஒருநாள் கூப்புடல, தெரியுமா உனக்கு?”

அம்மாவுக்கு அது தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். சித்தி அந்தப் பக்கம் அழுவது கேட்டது. இவளும் அழுதாள். எஸ்டிடியில் யாரும் அவ்வளவு நேரம் அழுது நான் பார்த்ததில்லை.

கடைசியில் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்பா பாட்டாவது கேட்டியாடி?” என்றாள்.

“என்ன அப்பா பாட்டு? ஏதோ குத்துப் பாட்டப் போட்டான்! நீ அப்படி அழுது பேசிட்டுப் போற, அடுத்த நிமிஷம் பத்துப் பேரு மழையில குதிக்கிறாங்க! என் மாமியா கன்னத்துல கை வெச்சுட்டு, ‘உங்கப்பாவுக்கு இதுவாடி புடிக்கும்’னு கேக்குறாங்க!”

பாட்டின் பெயரைச் சொல்லவே மறந்துபோனது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பு. அந்தப் பக்கமும் அதே சத்தம். இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள். அப்புறம் அம்மா, “சாப்பிட்டியா?” என்றாள். “இன்னும் இல்ல” என்றாள் சித்தி.

அடுத்த துர்கா பூஜைக்குச் சித்தி குடும்பத்தோடு கல்கத்தா வந்தாள். பந்தல் பந்தலாகச் சுற்றினோம். சந்து முனையில் புச்கா, நம் பானிபூரிதான், சாப்பிட்டு, காரம் தாங்காமல் அக்காவும் தங்கையும் ஒருத்தர் முந்தானையில் இன்னொருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஞாயிறுதோறும் பேசினார்கள். பேச்சில் பெரும்பகுதி சண்டைதான். அரிசி உப்புமாவுக்கு மிளகா, மிளகாயா என்பதற்குக்கூடச் சண்டை.

அந்த நிகழ்ச்சி எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் பார்ப்பதை நிறுத்தி வெகுநாள் கழித்துத்தான் நின்றிருக்க வேண்டும். பாப்பு-தா கேபிளை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். நாங்கள் ஜாதவ்பூர் பக்கம் ஃபிளாட்டுக்கு மாறியபோது போன் இணைப்பையும் ஒப்படைத்தோம். அன்று அம்மா பேசியதை யாராவது பதிவு செய்து வைத்திருப்பார்களா என்று இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

சித்தி சென்ற வருஷம் போய்விட்டாள். புற்றுநோய். அம்மா முன்கூட்டியே திருச்சிக்குப் போய்க் கடைசிவரை பக்கத்தில் இருந்தாள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியை அடுக்குகிறாள்.

கேன்டீனிலிருந்து அன்று மாலை வீட்டுக்குப் போனபோது கீழ்வீட்டுக்காரர் படியில் நின்று அம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அம்மா பௌதி, அண்ணி. அவர் பிள்ளைகளுக்கு ஜேட்டிமா, பெரியம்மா. காய்கறிக்காரனுக்கு மாஷிமா, தாயுடன் பிறந்தவள். எனக்கு அம்மா. அப்பாவுக்கு இத்தனை வருஷமாக “இந்தா, பாரு”. இந்த ஊரில் அவளைக் கூப்பிட இரண்டு மொழிகளில் ஆள் இருக்கிறது. அக்கா என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.